தெருவில் எடுத்த நாய்க்கு வீடு தேடிக்கொடுப்பது: முதல் நாளிலிருந்து தொண்ணூறாவது நாள் வரை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை நாய்களுக்கென்றே இருக்கிறது. அடிபட்டது, தாயை இழந்தது, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று ஏதாவது ஒன்று வந்து தங்கித் தேறி, பிறகு ஒரு வீட்டுக்குப் போகும். உதவிக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். குட்டியைக் கையில் எடுத்த பத்தாவது நிமிடத்தில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடுகிறார்கள். மாலைக்குள் நாலு பேர் கேட்பார்கள். முதலில் கேட்டவருக்குக் குட்டி போய்விடும். ஒரு வாரத்தில் அது வாந்தி எடுக்கும், அல்லது வீட்டு ஓனர் சத்தம் போடுவார். குட்டி திரும்பி வரும். சில குட்டிகள் திரும்பியும் வருவதில்லை, எங்கே விட்டார்கள் என்று தெரிவதுமில்லை.

போட்டோ இந்த வேலையில் ஏழாவது படி. அதற்கு முன்னால் ஆறு இருக்கின்றன. ஒரு வீடு, ஒரு அறை, ஒரு நேரத்தில் ஒரு நாய் என்று தொடங்குபவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. இந்த நாய்க்கு வீடு தேவையா?

தெருவில் இருக்கும் எல்லா நாய்க்கும் வீடு தேவையில்லை. காதின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டிருக்கிறார்கள் என்று பொருள். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. டீக்கடைக்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் சோறு போட்டு வளர்க்கும் நாலு வயது நாயைப் பிடித்து நாலாவது மாடி ஃபிளாட்டில் அடைத்தால் அது ஏங்கிப்போகும். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் பாருங்கள், தேறியதும் அதே முனையில் விடுங்கள். வேறு தெருவில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறும்.

குட்டிகள் மட்டும் தனியாகக் கிடந்தாலும் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். தூரத்தில் நின்று இரண்டு மூன்று மணி நேரமாவது பாருங்கள். எட்டு வாரம் ஆகும்வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி நாலு மாதத்தில் வீட்டுக் குழந்தையின் கையைக் கடித்து ரத்தம் வரவைக்கும், அந்தக் காரணத்துக்காகவே திரும்பி வரும்.

ஜாதி நாயாக இருந்தாலோ, கழுத்தில் பெல்ட் தடம் தெரிந்தாலோ, காரைக் கண்டதும் ஏற ஓடினாலோ, முதலில் அதன் வீட்டைத் தேடுங்கள். வெட், அதாவது கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய், ஓனரைக் கண்டுபிடிக்க உதவும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ரீடர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவில் இருக்கும். 15 இலக்க எண் வரும். நாய் தொலைந்துபோய் அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தெரியாமல் அவர்கள் பிள்ளையை நாம் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

தாயை இழந்த குட்டி, கால் இழந்தது, கண் தெரியாதது, வேலை மாறி ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற லாப்ரடார், ஹஸ்கி. இவற்றுக்குத்தான் வீடு தேட வேண்டும்.

2. நாய் வருவதற்கு முன் தயாராக வேண்டியவை

முதலில் உங்கள் ஊசி. தெரு நாய்களைக் கையாளப் போகிறவர் கடி படுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் முன்தடுப்பு ஊசி என்று கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடி, பிறாண்டல் எதுவாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்சில் ஒழுக, வாயை மூடமுடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தால் புதியவர்கள் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்துக் கையை உள்ளே விடுகிறார்கள். ரேபிஸ் வந்த நாயும் அப்படித்தான் நிற்கும். அருகில் போகாதீர்கள், மற்றவர்களையும் தள்ளி நிறுத்துங்கள், பிடிக்கத் தெரிந்தவர்களையும் மாநகராட்சியையும் கூப்பிடுங்கள்.

அடுத்தது இடம். கழுவிவிடக்கூடிய தரையுள்ள ஓர் அறை அல்லது மூடிய பால்கனி. வாடகை வீடென்றால் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த நாய் ஒரு ராத்திரி ஊளையிட்டால் போதும், மறுநாள் இருவரும் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

பொருள்கள் அதிகம் வேண்டாம். கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை, இரண்டு கயிறு, பழைய போர்வைகள், எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, பழைய நியூஸ்பேப்பர் ஒரு கட்டு, பிளீச், அறைக்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, தெர்மாமீட்டர், எடை பார்க்கும் மெஷின். கூடவே ஒரு நோட்டு. வந்த தேதி, எடை, என்ன தின்றது, எத்தனை தடவை வெளிக்குப் போனது, என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். வெட் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதில்தான் பதில் இருக்கும்.

3. முதல் 14 நாள்: தனி அறை

இந்தப் படியைத் தவிர்த்து நான் இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தேன். கம்மனஹள்ளி மார்க்கெட் பக்கம் எடுத்த ஒரு குட்டி, பார்க்க நன்றாகத் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே இருந்த இரண்டோடு அன்று மாலையே விளையாட விட்டேன். ஐந்தாம் நாள் அதற்கு வாந்தி, ரத்தம் கலந்த பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றி அது பிழைத்துக்கொண்டது. வீட்டிலிருந்த இரண்டும் போய்விட்டன. வீடு முடிவாகி, மறுவாரம் கிளம்ப வேண்டிய குட்டிகள் அவை.

பார்வோ உடலில் புகுந்து பொதுவாக 3 முதல் 7 நாளில், சில சமயம் 14 நாள் வரை கழித்து வெளியே தெரியும். அதனால்தான் 14 நாள் கணக்கு. டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் இன்னும் மெதுவாக வெளிப்படும். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தால் மூன்று நான்கு வாரத்துக்குக் குறைந்து வெளியே விடாதீர்கள்.

தனிமை என்றால் அறைக் கதவைச் சாத்துவது மட்டும் போதாது. கிண்ணம், துணி, செருப்பு, விளக்குமாறு எல்லாம் தனி. வீட்டு நாய்களையும் நன்றாக இருப்பவற்றையும் முதலில் கவனித்து முடித்துவிட்டு, புதிதாக வந்ததிடம் கடைசியில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் உங்கள் கையே நோயைக் கொண்டு போகும். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. ஃபினாயில் பார்வோ கிருமியைக் கொல்லாது.

வந்த அன்றே குளிப்பாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பயந்து, பசித்து, ஒருவேளை காய்ச்சலோடும் இருக்கும் குட்டிக்குப் பெங்களூர்க் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் படுத்துவிடும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தூங்க விடுங்கள்.

4. வெட்டிடம் எந்த வரிசையில் என்ன செய்வது

முதல் இரண்டு நாளுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கிளினிக் தரையில் குட்டியை இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள். நோயுள்ள நாய்கள் வந்துபோகும் தரை அது. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

முதலில் எடையும் காய்ச்சலும். நாயின் உடல் சூடு சாதாரணமாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு வயிற்றுப் பூச்சிக்கான மருந்து, எடைக்கு ஏற்ற அளவில். வயிறு நிறையப் பூச்சி இருக்கும் குட்டிக்கு என்ன போட்டாலும் உடம்பில் ஒட்டாது. தடுப்பூசி அதற்குப் பிறகுதான், அதுவும் குட்டி நன்றாகத் தின்று விளையாடும்போதுதான். காய்ச்சலோடு இருக்கும் குட்டிக்கு அவசரப்பட்டு ஊசி போடச் சொல்லி வெட்டை நச்சரிக்காதீர்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்ந்த ஊசியை ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஏன் இத்தனை தடவை என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே ஊசியைப் போட்டுவிட்டு 'எல்லாம் போட்டாச்சு' என்று கொடுப்பது பெரிய தவறு. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வெட் சொல்லும் நாளில் பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம்.

வயது தெரியவில்லையா, வாயைத் திறந்து பாருங்கள். ஊசி போன்ற பால்பற்கள் மட்டும் இருந்தால் நாலு மாதத்துக்கு உட்பட்டது. முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைத்துக்கொண்டிருந்தால் நாலைந்து மாதம். எல்லாப் பற்களும் முளைத்துவிட்டால் ஏழு மாதம் தாண்டியது.

வளர்ந்த நாயென்றால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். பெங்களூரில் உண்ணி வருஷம் முழுக்க உண்டு. ஈறு வெளுத்திருப்பது, சோர்வு, மூக்கிலிருந்து ரத்தம் எல்லாம் பிந்தி வரும் அறிகுறிகள். அதுவரை நாய் சும்மா மந்தமாக இருப்பது போலத்தான் தெரியும். மருந்து மூன்று நான்கு வாரம் நீளும். தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் அவை கெடுத்துவிடும்.

5. ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

வளர்ந்த நாயென்றால் காலை ஐந்தரைக்கு முதல் வேலை வெளியே கூட்டிப்போவது. குட்டியைத் தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் என்று ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்ப் பேப்பர் மேல் நிறுத்த வேண்டும். போனதும் உடனே பாராட்டு. அறைக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தால் மனிதர் முன்னால் போவதே தப்பு என்று புரிந்துகொண்டு, பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும்.

சோறு குட்டிக்கு நாலு வேளை, வளர்ந்ததற்கு இரண்டு வேளை. குழைந்த சாதம், உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பூசணி அல்லது கேரட், முட்டை, கொஞ்சம் தயிர். நம் வீடுகளில் மிச்சமான குழம்புச் சாதத்தைத்தான் நாய்க்குப் போட்டுப் பழக்கம். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தை ஆசையாக நக்கக் கொடுக்கும் பாட்டிமார்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதி வரவைக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

சோறு, மருந்து, சுத்தம் இவற்றோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வீட்டில் வாழக் கற்றுக்கொடுப்பதும் இந்த நாள்களில்தான் நடக்க வேண்டும். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை ஆட்டோ, லிஃப்ட் கதவு எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, தின்பண்டம் கொடுத்தபடி, மெல்லப் பழக்குங்கள். குக்கர் சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் ஒண்டிய நாய் எங்களிடம் ஒன்பது நாளில் அடுப்படி வாசலிலேயே தூங்கியது.

தனியாக இருக்கவும் பழக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து, அரை மணி, இரண்டு மணி நேரம். இந்த ஊரில் நாய் திரும்பி வருவதற்கு நான் கண்ட பெரிய காரணங்களில் இது ஒன்று. வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று வாங்கிப்போவார்கள். ஆறு மாதம் கழித்து வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்வார்கள். ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்தறியாத நாய் கதவைச் சுரண்டி, கத்தி, பக்கத்து வீட்டாரைக் கிளப்பிவிடும்.

6. நாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

14 நாள் முடிந்ததும் உட்கார்ந்து எழுதுங்கள். 'ரொம்ப அன்பானது' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தின்னும்போது கிட்டே போனால் உறுமுகிறதா? குழந்தை ஓடினால் துரத்துகிறதா, ஒளிகிறதா? பூனையைக் கண்டால்? தலைக்கு மேல் கை போனால் கூனிக்குறுகுகிறதா? படி ஏறுமா, ஆட்டோவில் உட்காருமா, எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயம்?

குறையை மறைக்காதீர்கள். துடைப்பத்தைக் கண்டால் கடிக்க வரும் நாய் என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் அவர்கள் துடைப்பத்தை மறைத்து வைப்பார்கள். சொல்லாவிட்டால் நாயைத் திருப்பி அனுப்புவார்கள்.

7. இப்போது போட்டோ

காலை வெயிலில், தரையில் உட்கார்ந்து, நாயின் கண்மட்டத்தில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லா நாயும் பாவமாகத் தெரியும். கறுப்பு நாய்க்கு வெளிர் நிறச் சுவரும் பக்கவாட்டு வெளிச்சமும் வேண்டும்; கண் தெரியவில்லை என்றால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். உருவம் தெரிய யாராவது பக்கத்தில் நிற்கும்படி ஒரு படம். நடந்து வரும் வீடியோ இருபது நொடி.

எழுத வேண்டியவை: வயது, எடை, ஆணா பெண்ணா, எந்த ஊசி எந்தத் தேதியில், கருத்தடை ஆயிற்றா, எப்படிப்பட்ட வீட்டுக்கு ஒத்துவரும், எப்படிப்பட்ட வீட்டுக்கு ஒத்துவராது. தமிழில் எழுதி, தெரிந்தவர்களைக் கொண்டு கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போடுங்கள். உங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி நல்ல வீடு இருக்கலாம், அவர்கள் படிப்பது எந்த மொழி என்று தெரியாது.

'நாளைக்குள் யாரும் எடுக்காவிட்டால் தெருவில்தான்' என்று எழுதாதீர்கள். அந்த ஒரு மாலையின் இரக்கத்தில் எடுப்பவர் 15 வருஷம் வளர்க்க எடுக்கவில்லை. வீட்டு விலாசத்தையும் போடாதீர்கள். விடிந்து கதவைத் திறந்தால் அட்டைப்பெட்டியில் ஆறு குட்டிகள் இருக்கும்.

8. போனில் கேட்க வேண்டியவை

விசாரிக்கும் ஆளைக் குற்றவாளி போல நிறுத்திக் கேட்காதீர்கள். பேச்சாகவே கேட்கலாம். வீட்டில் யார் யார், எல்லோருக்கும் சம்மதமா, சொந்த வீடா வாடகையா, பகலில் நாய் எங்கே இருக்கும், ராத்திரி எங்கே படுக்கும், இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்று சுருக்கமாக முடித்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

நம்மவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது நாயை யார் பார்ப்பார்கள் என்பது. ராத்திரி பஸ்ஸில் திருநெல்வேலிக்கு நாயைக் கூட்டிப்போக முடியாது. பதில் தயாராக இல்லை என்றால் அது தப்பில்லை, இப்போதே சேர்ந்து யோசித்துவிடலாம்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். இரண்டு மாதக் குட்டிதான் வேண்டும் என்றார். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றும் சொன்னார். போனைப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பாட்டி, வீட்டுக்கு நாய் வரப்போகுதாமே, உங்களுக்குச் சரிதானே?"

"பிடிக்கறது பிடிக்காதது கிடக்கட்டும்மா. இவன் எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரிதான் வரான். அவளும் ஸ்கூலுக்குப் போயிடறா. அதுக்குச் சோறு வைக்கப் போறது யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

பாட்டி சொன்னதுதான் சரி. முட்டிவலியுள்ள அந்தப் பாட்டியின் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும் இரண்டு மாதக் குட்டி அந்த வீட்டுக்கு ஆகாது. நாலு வயதுச் செவலை ஒன்று அப்போது எங்களிடம் இருந்தது. சாப்பிடும், வெயிலில் படுக்கும், அவ்வளவுதான். பாட்டி வந்து பார்த்துவிட்டு, தானே அதற்குப் பெயரும் வைத்தார். பகலில் நாயோடு இருக்கப்போவது யாரோ, அவரிடம் பேசாமல் எந்த நாயையும் அனுப்பாதீர்கள்.

மறுக்க வேண்டியவை சில உண்டு. பிறந்தநாளுக்கு யாருக்கும் தெரியாமல் பரிசாகக் கொடுக்க வாங்குவது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் காவலுக்குக் கட்டிப்போட வாங்குவது. 'ஒரு தடவை குட்டி போட்டதும் கருத்தடை செய்கிறோம்' என்பது. இவற்றுக்கு நிதானமாக, மரியாதையாக, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஃபிளாட் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: செல்லப் பிராணியை வளர்க்கக் கூடாது என்று சங்கம் பெரும்பான்மை வாக்கில்கூடத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வாடகை வீட்டில் ஓனரோடு போட்ட ஒப்பந்தம் வேறு விஷயம். ஓனரின் சம்மதத்தை ஒரு மெசேஜாகவாவது எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

9. வீட்டைப் போய்ப் பாருங்கள், நாய் இல்லாமல்

நாயைக் கூட்டிக்கொண்டு போனால் குழந்தைகள் கட்டிக்கொள்வார்கள், பிறகு திருப்பி எடுத்துவர உங்களுக்கே மனசு வராது. முதல் தடவை தனியாகப் போங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குட்டியின் தலை நுழையுமா, மொட்டைமாடிச் சுவர் எவ்வளவு உயரம், கேட்டுக்கு அடியில் சந்து இருக்கிறதா, எலி மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கே இருபதுக்கு முப்பது மனையில் கட்டிய வீடுகளில் வாசற்கதவைத் திறந்தால் நேரே தெருதான். அப்படிப்பட்ட வீட்டில் உள்பக்கம் குழந்தைகளுக்கு வைப்பது போன்ற சின்னத் தடுப்புக் கதவு ஒன்றைப் போட்ட பிறகே நாயை அனுப்புவேன். பெரிய வீடா சின்ன வீடா என்பதை நான் பார்ப்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் மூன்று வேளையும் நடத்திக் கூட்டிப்போகும் குடும்பத்தை, பங்களா வாசலில் சங்கிலியோடு கட்டிப்போடும் குடும்பத்தைவிட நம்புகிறேன்.

10. கொடுக்கும் நாள்

சனிக்கிழமை காலை நல்லது. இரண்டு நாள் வீட்டில் ஆள் இருக்கும், ஏதாவது என்றால் கிளினிக்கும் திறந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. புது இடத்தில் வழி தெரியாத நாய் ஒரு வெடிச் சத்தத்தில் கதவைத் தாண்டி ஓடினால் திரும்பி வரத் தெரியாது.

ஓடிப்போவது பெரும்பாலும் முதல் நாளில், வண்டியிலிருந்து இறங்கும் நொடியில் நடக்கிறது. அதனால் கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் ஒரு கயிறு, இரண்டும் இரண்டு கையில். போன் நம்பர் பொறித்த வில்லை ஏற்கெனவே கழுத்தில் இருக்க வேண்டும். கூடவே, அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள், அந்த வாசனை இருந்தால் ராத்திரி தூங்கும். ஒரு வாரம் இங்கே தின்ற அதே சாப்பாட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊசிப் புத்தகமும் நீங்கள் எழுதிய ஒரு பக்கமும் கையோடு போகட்டும்.

ஒப்பந்தத் தாள் ஒன்றில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஊசிகளைத் தொடர்வது, கருத்தடை ஆகாததென்றால் வெட் சொல்லும் வயதில் செய்வது, வேறு யாருக்கும் கைமாற்றாமல் நம்மிடமே திருப்பித் தருவது ஆகியவை அதில் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-இல் தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவும், தத்து எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்றே சொல்கிறது. இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

11. அதற்குப் பிறகு

அன்று ராத்திரி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம், தொண்ணூறாம் நாள் என்று கூப்பிடுகிறேன். மூன்று நாள் நாய் பயத்தில் ஒடுங்கியிருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நேரங்கள் பழகும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் கணக்கு இவ்வளவு சரியாக இருக்காது, ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவைத்தால் இரண்டாம் நாள் 'சாப்பிடவே மாட்டேங்குதுக்கா' என்று பயந்து பேசுவது குறையும். வளர்ந்த நாய் ஒரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். குட்டி இரண்டு வேளை தொடவில்லை என்றாலோ, வாந்தி, பேதி இருந்தாலோ அப்போதே வெட்டிடம் போக வேண்டும். முதல் வாரம் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், பூங்காவில் கயிற்றைக் கழற்ற வேண்டாம்.

ஓடிவிட்டால் துரத்தக் கூடாது, துரத்தினால் இன்னும் தூரம் போகும். உடனே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். தெரிந்த குரலுக்கு அது வரும். ஓடிய இடத்தில் அதன் போர்வையையும் தண்ணீரையும் வைத்து, வண்டிச் சத்தம் அடங்கிய பின்னிரவிலும் விடியற்காலையிலும் தேடுங்கள்.

திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் திட்டு வாங்கியவர் அடுத்தவருக்கும் சொல்வார், அந்த அடுத்தவர் நம்மைக் கூப்பிடாமல் ஹொசூர் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஏன் திரும்பி வந்தது என்று மட்டும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் பாதிக்கு மேல் நான் கேட்க மறந்த கேள்விகள்தான் காரணமாக இருக்கின்றன.

12. அடுத்த நாய்க்கு முன்

அறையைக் கழுவி, பிளீச் போட்டு, வெயில் படும்படி கதவைத் திறந்து வையுங்கள். துணிகளைக் கொதிநீரில் அலசுங்கள். அந்த அறையில் பார்வோ வந்திருந்தால், ஊசி முடியாத குட்டியை ஒரு வருஷத்துக்கு அங்கே வைக்காதீர்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஊசியெல்லாம் முடிந்த வளர்ந்த நாயை வைக்கலாம். யாராவது குட்டியைக் கொண்டுவந்தால் அனுப்பிவைக்க, வேறு அறை உள்ள நண்பர் ஒருவரின் நம்பரை இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.